மக்கும் குப்பை, மக்காத குப்பை: வகை பிரித்த கதை

காலையில் ஆறரை மணிக்கெல்லாம் நம் தெருவுக்குள் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு நுழைந்துவிடுகிறது. மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில். இந்த இரண்டு பெயர்களும் இப்போது பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் குப்பையைப் பிரிப்பது ஏதோ நேற்றைக்கு அரசாங்கம் கண்டுபிடித்த காரியம் என்று நம் வயதுக்காரர்களே பேசுகிறார்கள். நாற்பது வருடம் மாட்டுத் தொழுவத்தோடு குடித்தனம் செய்தவர்கள் அப்படிப் பேசும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

குப்பை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் "குப்பை அடித்தாயிற்றா?" என்று கேட்டால் அதற்கு எரு அடித்தாயிற்றா என்றுதான் பொருள். சித்திரை, வைகாசியில் மாட்டு வண்டி மாட்டு வண்டியாகக் குப்பை கொல்லைக்குப் போகும். குப்பை இல்லாதவன் காசு கொடுத்து வண்டிக் கணக்கில் வாங்குவான். விலை போகும் பொருளாக இருந்த ஒன்று, காசு கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய பொருளாக எப்போது மாறியது? அதை யோசிக்கப் போய்தான் இந்தக் கட்டுரையே எழுத நேர்ந்தது.

அந்தக் காலத்து வீட்டில் தொட்டி கிடையாது, ஆனால் பிரிவு உண்டு. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்கு, அதாவது மாட்டுக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. கொட்டாங்குச்சி அடுப்புக்கு. சாணமும் செத்தையும் பெருக்கிய மண்ணும் எருக்குழிக்கு. உடைந்த மண்சட்டி மட்டும்தான் வேலியோரம் போகும். நம் கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் அகழாய்வு செய்கிறவர்களுக்குக் கிடைப்பதும் அந்த வேலியோரச் சரக்குதான்: பானை ஓடு, கூரை ஓடு, இரும்பு ஆணி, வளையல் துண்டு, சீனத்துப் பீங்கான் சில்லு. சோழர் அரண்மனைக் குப்பையில் மக்கும் பகுதி மண்ணோடு மண்ணாகிவிட்டது. மக்காத பகுதி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

மிச்சத்தைப் பிரித்தெடுக்கத் தெருவில் ஆள் வருவார்கள். ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் ஒருவர். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் அம்மாள் ஒருவர்; பட்டுப் புடவை என்றால் ஜரிகையைத்தான் முதலில் விரலால் தேய்த்துப் பார்ப்பார். உதிர்ந்த தலைமுடியைச் சவுரிக்கு வாங்க வேறொருவர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வகை. மற்றதைத் தொடமாட்டார்கள்.

தொழில் செய்கிற இடத்துக் கழிவும் இதே போலத்தான். நெசவாளர் வீடுகளில் தறியில் மிஞ்சும் கழிவு நூலைச் சேர்த்து விற்பார்கள். அது லாரிப் பட்டறைக்குப் போய் மெக்கானிக் கையில் எண்ணெய் துடைக்கும். பட்டறையில் அதன் பெயரே 'வேஸ்ட்'தான். "ஒரு கிலோ வேஸ்ட் கொடு" என்று காசு கொடுத்து வாங்குவார்கள்! முந்திரிக்கொட்டை உடைத்த ஓட்டில் எண்ணெய் எடுத்துப் பெயிண்டிலும் பிரேக் கட்டையிலும் சேர்க்கிறார்கள். எண்ணெய் எடுத்த ஓடு மறுபடி அடுப்புக்கு.

ஆக, ஒரு பொருள் கழிவா சரக்கா என்பது பொருளில் இல்லை, வகை பிரிக்கிறவன் கையில் இருக்கிறது. இதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே கசப்பான சாட்சி ஒன்று உண்டு. 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள், நாம் அணைக்கரை என்கிறோமே அது. அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதிலை இடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855-இல் சென்னையில் அச்சான கெசட்டியர் ஒன்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. எழுதியவரும் வெள்ளைக்காரர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜனங்களுக்கு அது ராஜேந்திர சோழன் மதில். கம்பெனி இன்ஜினீயர் கணக்கில் அது 'கிடைக்கும் கட்டுமானப் பொருள்'. அணை இன்றைக்கும் பாசனத்துக்குத் தண்ணீர் தருகிறது என்பதால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

இனி நகரத்துக் கதை. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிக்கிற நண்பர்களுக்குத் தெரியும். வகுப்பறை மூலையில் இருந்த தகரத் தொட்டிக்கு எங்கள் வாத்தியார் சொல்லும் பெயர் 'பூபெல்'. கிழித்த காகிதம் எல்லாம் பூபெல்லுக்குள் போகவேண்டும். நாற்காலி, மேஜை மாதிரி அதுவும் ஒரு சாமானின் பெயர் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

யூஜேன் பூபெல் 1831-இல் பிறந்தவர். சட்டப் பேராசிரியராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். 1883 அக்டோபரில் பாரிஸ் உள்ளிட்ட சேன் மாவட்டத்துக்குப் பிரிஃபெக்ட், நம் கணக்குப்படி கலெக்டர், ஆனார். அப்போது பாரிஸில் இருபது லட்சத்துக்கும் மேல் ஜனத்தொகை. வீட்டுக் குப்பையை நேராக வீதியில் கொட்டுவார்கள். பதவிக்கு வந்த அடுத்த மாதமே, நவம்பர் 24-இல், உத்தரவு போட்டார்: ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட தொட்டி வாங்கி வைக்கவேண்டும். அதோடு விடவில்லை. அழுகக்கூடியது ஒரு தொட்டியில், காகிதமும் துணியும் ஒரு தொட்டியில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஒரு தொட்டியில். பாரிஸ்காரர்கள் சிப்பியைத் தின்று தள்ளுகிறவர்கள், அதனால் ஓட்டுக்குத் தனி இடம். இன்றைக்கு நாம் கேட்கிற வகை பிரிப்பு 1884 ஜனவரி 15-இலேயே அங்கே அமலுக்கு வந்துவிட்டது.

உடனே பெரிய கூச்சல். வீட்டுக்காரர்களுக்குச் செலவு என்று கோபம். அதைவிடப் பெரிய பாதிப்பு 'ஷிஃபோனியே' என்ற கந்தல் பொறுக்குகிறவர்களுக்கு. முதுகில் கூடை, கையில் கொக்கி, ராத்திரிக்கு லாந்தர், இவ்வளவுதான் அவர்கள் முதலீடு. அப்போது காகிதம் செய்யக் கந்தல் வேண்டும். எலும்பு பொத்தானுக்கும் பசைக்கும் போகும், எலும்புக் கரி சர்க்கரையைச் சுத்தம் செய்யப் போகும். வீதியில் கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கிப் பல்லாயிரம் பேர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு மூடி வந்ததும் அந்த வாயும் சேர்ந்து மூடியது. பத்திரிகைகள் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டு கலெக்டரைக் கேலி செய்தன. கேலியாகத் தொட்டிக்கு அவர் பெயரையே வைத்தன. 1884 மார்ச்சில் உத்தரவைத் தளர்த்தி, வண்டி வருவதற்கு முன்னால் பொறுக்குகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள வழி விட்டார்கள்.

முடிவில் நடந்தது என்ன தெரியுமா? தொட்டி நின்றது, மூன்றாகப் பிரிக்கும் விதி வழக்கில் நிற்கவில்லை. பிரான்சில் மறுபடி கண்ணாடியைத் தனியாகச் சேகரிக்க ஆரம்பிக்க 1970-கள் வரை ஆயிற்று. இத்தனைக்கும் பூபெல் சாதாரண ஆள் இல்லை. பாரிஸ் வீடுகளைச் சாக்கடையோடு நேராக இணைக்கும் ஏற்பாட்டை 1894-இல் கட்டாயம் ஆக்கியதும் அவர் காலத்தில்தான். 1907-இல் இறந்தார். அவர் பெயர் மட்டும் இன்றைக்கும் தினமும் கோடிக்கணக்கான வாயில் குப்பைத்தொட்டியாகப் புழங்குகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நகரத்துக் குப்பையை வயலுக்குத் திருப்பும் யோசனை வெள்ளைக்காரன் காலத்திலேயே நடந்தது. ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் இந்தோரில் கம்போஸ்ட் முறையை உருவாக்கினார். 1939-இல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்கும் முறையை வகுத்தார். நம் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் ஊருக்கு வெளியே உரக்கிடங்கு வைத்தன, உரத்தை ஏலம் விட்டன. இன்றைக்கும் பல ஊர்களில் குப்பை மேட்டை 'உரக்கிடங்கு', 'கம்போஸ்ட் யார்டு' என்றே சொல்கிறார்கள். பெயர் இருக்கிறது, உரம்தான் இல்லை.

உரம் போனதற்குக் காரணம் பாலித்தீன் பை. எழுபதுகளின் கடைசியில் மளிகைக் கடைக்கு வந்தது. எண்பதுகளில் நாலு ரோட்டுப் பூக்கடை, காய்கறிக் கடை என்று எங்கும் நிறைந்துவிட்டது. அதுவரை ஊர்க் குப்பையில் கலந்திருந்தது எல்லாம் கொஞ்ச நாளில் மண்ணாகிற சாமான். பை கலந்த குப்பையை எந்த விவசாயி தன் கொல்லைக்குள் விடுவான்? வேர் இறங்காது, மாடு தின்றால் செத்துப்போகும். வாங்க ஆள் இல்லாத அன்றைக்குத்தான் குப்பை குப்பையானது என்பது என் கட்சி.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. சென்னையில் 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா தெருவாசிகளைச் சேர்த்து, மிதிவண்டித் தள்ளுவண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஏற்பாடு செய்தது. பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் என்ற அம்மையார் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் விளைவாக 2000 செப்டம்பரில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. பின்னர் 2016 ஏப்ரலில் திருத்தி எழுதிய விதிகளில்தான் வீட்டுக்காரரே மூன்றாகப் பிரிக்கவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள்: மக்குவது, மக்காதது, வீட்டில் உண்டாகும் ஆபத்தான கழிவு. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஹோட்டல், மண்டபம், நிறுவனம் எல்லாம் 'மொத்தக் கழிவு உருவாக்குவோர்' என்ற தனி வகை; அவர்கள் பொறுப்பு கூடுதல். அனுமதி பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் வைத்தால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்லவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் காதுகுத்து வைப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

பிளாஸ்டிக் பைக்கு மட்டும் தனிக் கதை. 1999-இல் 20 மைக்ரானுக்குக் குறைந்த பை கூடாது என்றார்கள். 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். பை தடிமனாக இருந்தால்தான் பொறுக்குகிறவர்க்கு எடைக்குக் காசு கிடைக்கும், அதனால் எடுப்பார்; மெல்லிய பையை யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். மைக்ரான் கணக்குக்குப் பின்னால் இருக்கும் சூட்சுமம் இதுதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை'. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக மஞ்சள் பையை வாங்கி வளர்ந்த நமக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை.

விதிகளில் 'பிறக்கும் இடத்திலேயே தரம் பிரித்தல்' என்று திரும்பத் திரும்ப வரும். அது ஏன் என்பது தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு யாரும் விளக்கவேண்டாம். கோப்பு முடியும்போது கையாண்ட எழுத்தரே அதன் தலையில் எழுதவேண்டும்: எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று வருடம், டி.டிஸ். பத்து வருடம், ஆர்.டிஸ். நிரந்தரம். என்.டிஸ். என்றால் மூலத்தை அனுப்பியவருக்கே திருப்புவது. கோப்பின் உள்விஷயம் அறிந்தவருக்கு அது ஒரு நொடி வேலை. அவர் எழுதாமல் கட்டிப் பதிவறைக்கு அனுப்பிவிட்டால், அங்கே இருக்கிறவர் தூசியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டவேண்டும். பட்டா சம்பந்தப்பட்ட தாள் அழிப்புப் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு குடும்பத்தின் நிலமே போயிற்று. சாம்பாரில் நனைந்த செய்தித்தாளும் அப்படித்தான். அடுக்களையில் தனியாக வைத்திருந்தால் அது காகிதம், காசு பெறும். பைக்குள் கலந்து ஒரு ராத்திரி ஊறினால் அதை மீட்க ஆள் இல்லை.

உண்மையில் நுணுக்கமாக வகை பிரிக்கிறவர்கள் யார் என்றால் காயலான் கடைக்காரர்கள். ஒருமுறை பழைய பேப்பர் போடப் போனவன் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பேப்பருக்கு ஒரு விலை, இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை. நோட்டுப் புத்தகம் வேறு, அட்டை வேறு. இரும்பில் கனமானது, தகரம், வார்ப்பு என்று மூன்று. பிளாஸ்டிக்கை வளைத்துப் பார்க்கிறார், தட்டி ஓசை கேட்கிறார், சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுகிறார். குடம், வாளி செய்கிற பிளாஸ்டிக் மிதக்கும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் மூழ்கும். பாட்டில் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போடும் வழக்கம் 1988-இல் அமெரிக்காவில் தொடங்கியது. நம்மூர்க் கடைக்காரர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஜப்பானில் கமிகாட்சு என்று ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. 2003-இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். குப்பை வண்டியே கிடையாது, ஊரார் தாங்களே கொண்டுபோய் அந்தந்தப் பெட்டியில் போடவேண்டும். இதை அதிசயமாக வீடியோவில் பார்க்கிறோம். நாலு ரோடு தாண்டிப் போனால் நம் கடைக்காரர் ஏறக்குறைய அதையே பண்ணிக்கொண்டிருக்கிறார், யாரும் படம் எடுப்பதில்லை.

2016 விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று, கழிவு பொறுக்குகிறவர் என்பவருக்கு ஒரு விளக்கம் எழுதி, அவர்களையும் ஏற்பாட்டுக்குள் சேர்க்கச் சொன்னது. பாரிஸில் பூபெல் முதல் நாளில் மறந்தது அதைத்தான். தமிழ்நாட்டில் 2020-இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். அதற்கும் முன்னால் இருந்த பெயரை நம் வயதுக்காரர்கள் வாயால் சொல்லியிருக்கிறோம், எழுத மனம் வரவில்லை. பெயர் இரண்டு முறை மாறினாலும் பையைப் பிரிப்பது அதே கைதான்.

போன வருடம் எங்கள் தெருவுக்கு வரும் அம்மாவுக்கு உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. காய்கறித் தோலோடு யாரோ இன்சுலின் ஊசியைப் போட்டிருக்கிறார்கள். யார் வீட்டுப் பை என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை என்று சில மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். அந்தத் தெருவில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள். ஆபத்தான வீட்டுக் கழிவு என்றதும் ஏதோ தொழிற்சாலை விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: ஊசி, தேதி கடந்த மாத்திரை, உடைந்த தெர்மாமீட்டர், பழைய பல்பு, பேட்டரி செல். நம் அலமாரியைத் திறந்து பார்த்து எழுதியது போல இருக்கும். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைக் காகிதத்தில் சுற்றித் தனியாகத்தான் கொடுக்கவேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் புது விதிகள். வகை இப்போது நான்கு: ஈரமானது, உலர்ந்தது, டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படுவது. நம் மருந்து அலமாரி முழுவதும் இந்த நான்காவதில் அடங்கும். எங்கள் வீட்டில் தடித்த பிளாஸ்டிக் மருந்து டப்பா ஒன்றை ஊசிக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, மேலே 'ஊசி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, வண்டி வரும்போது பையில் சேர்க்காமல் அந்த அம்மாவிடம் சொல்லித் தனியாகக் கொடுக்கிறோம். அவர் அதை வண்டியின் முன்பக்கம், தன் சோற்றுத்தூக்குக்குத் தள்ளி, ஒரு பழைய பெயிண்ட் வாளியில் வைத்துக்கொள்கிறார்.